மிதப்புப் புள்ளி எண்களின் அடிமான அளவுமாற்றம்

மிதப்புப் புள்ளி எண்களின் அடிமான அளவுமாற்றம் என்பது, கணினியில் மிதப்புப் புள்ளி வடிவில் சேமிக்கப்பட்டுள்ள ஓர் எண்ணை, அவ்வடிவத்தின் அடிமானத்தினுடைய முழு எண் அடுக்கு ஒன்றால் பெருக்கும் செயற்பாடு ஆகும். அடுக்கு எதிர்ம எண்ணாக இருப்பின் இது வகுத்தலாக அமையும். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அடிமானம் 2 என்பதால், நடைமுறையில் இது 2, 4, 8, 1024 போன்ற எண்களால் பெருக்குவதையோ வகுப்பதையோ குறிக்கும். எண்ணின் இலக்கங்கள் மாறாமல் அடுக்கு மட்டுமே மாறுவதால், விடை எல்லைக்குள் இருக்கும் வரை இச்செயற்பாட்டில் எவ்விதப் பிழையும் நேர்வதில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் ஆகியவை பொதுவாகச் சிறு பிழையுடனேயே முடியும் மிதப்புப் புள்ளிக் கணக்கீட்டில், இப்பண்பு குறிப்பிடத்தக்கதாகும்.

எண்ணின் அமைப்பு

மிதப்புப் புள்ளி எண் ஒன்று மூன்று பகுதிகளைக் கொண்டது: குறி, இலக்கப் பகுதி, அடுக்கு. அதன் மதிப்பு பின்வருமாறு அமையும்.

மதிப்பு = குறி × இலக்கப் பகுதி × (அடிமானம்)^(அடுக்கு)

இதை அன்றாட அளவைகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பட்டு நூலின் பருமன் தெனியர் என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. 9000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை தெனியர் என்பது வரையறை. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் ஒரு நூல் வணிகர் 18 தெனியர் நூலைக் கணக்கிடுவதாகக் கொள்வோம். அந்நூல் ஒரு மீட்டரின் எடை 18 ÷ 9000 = 0.002 கிராம். இதை 2 × 10⁻³ கிராம் என்றோ, 2 × 10⁻⁶ கிலோகிராம் என்றோ எழுதலாம். கிராமைக் கிலோகிராமாக மாற்றியபோது இலக்கப் பகுதியான 2 மாறவில்லை. அடுக்கு மட்டுமே −3 இலிருந்து −6 ஆகியது. தாளில் பதின்ம முறையில் எழுதும் மனிதருக்கு 1000 ஆல் வகுப்பது ஓர் அடிமான அளவுமாற்றம்.

கணினிக்கு அப்படியல்ல. அதன் அடிமானம் 2. ஆகவே 1000 ஆல் வகுப்பது அதற்கு உண்மையான வகுத்தல்; 1024 ஆல் வகுப்பதே அடுக்கு மாற்றம்.

பிழையின்மைக்கான காரணம்

6.5 என்னும் எண் இரும வடிவில் 1.101 × 2² என அமையும். இங்கு 1.101 என்பது பதின்மத்தில் 1.625 ஆகும்.

- இதனை 1024 ஆல், அதாவது 2¹⁰ ஆல் பெருக்கினால் 1.101 × 2¹² கிடைக்கின்றது. விடை 6656. இலக்கங்கள் அப்படியே உள்ளன. அடுக்குடன் 10 கூட்டப்பட்டுள்ளது.
- இதனை 10 ஆல் பெருக்கினால் 1.000001 × 2⁶ கிடைக்கின்றது. விடை 65 சரியே எனினும், இலக்கங்கள் முற்றிலும் மாறிவிட்டன. இலக்கங்கள் மிகுந்த எண்ணாயின், புதிய இலக்கங்கள் ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் அடங்காமல் கடைசியில் முழுமைப்படுத்தல் தேவைப்படும்.
- இதனை 10 ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.65 இரும முறையில் முடிவுறாப் பின்னம் ஆகும். அதனைக் கணினி சரியாகச் சேமிக்க இயலாது. மிக அண்மையிலுள்ள எண்ணையே சேமிக்கும்.

இரட்டைத் துல்லிய வடிவத்தில் இலக்கப் பகுதிக்கு 53 பிட்கள் உள்ளன. ஒரு பின்னத்தின் பகுதி 2 இன் அடுக்காக இருந்தால் மட்டுமே அப்பின்னம் இரும முறையில் முடிவுறும். பதின்மத்தில் எளிதாகத் தோன்றும் 0.1 இரும முறையில் 0.000110011001100... என முடிவின்றித் தொடர்கின்றது. 0.1 ஐப் பத்து முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால் இரட்டைத் துல்லியத்தில் 1 கிடைப்பதில்லை, 0.9999999999999999 கிடைக்கின்றது. 0.125 ஐ எட்டு முறை கூட்டினால் மிகச் சரியாக 1 கிடைக்கின்றது. நூலையோ சரிகையையோ 0.1 கிராம் படிகளில் நிறுத்துச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு நிரலில், கூடுதல் ஒரு வரம்பை எட்டிவிட்டதா என்று சமக்குறியிட்டுச் சோதித்தால் விடை தவறக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். இத்தகைய கணக்குகளை மில்லிகிராம் போன்ற சிறிய அலகில் முழு எண்களாக வைத்திருப்பது வழக்கம்.

தமிழ்ப் பின்னங்களும் அடிமானமும்

பழந்தமிழ்க் கணக்குமுறையின் கீழ்வாய் இலக்கங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றை இரு தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

இரும முறையில் முடிவுறுபவை:
- அரை – 1/2
- கால் – 1/4
- அரைக்கால் – 1/8
- வீசம் அல்லது மாகாணி – 1/16

இரும முறையில் முடிவுறாதவை:
- மா – 1/20
- அரைமா – 1/40
- காணி – 1/80
- அரைக்காணி – 1/160
- முந்திரி – 1/320

முதல் தொகுதியிலுள்ளவை ஒவ்வொன்றும் முன்னதன் பாதி. ஓர் எண்ணின் அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவற்றைக் கணினி அடுக்கை மட்டும் குறைத்துப் பெற்றுவிடும். இரண்டாம் தொகுதியிலுள்ள பகுதிகள் எல்லாவற்றிலும் 5 என்னும் காரணி உள்ளது; 320 = 2⁶ × 5. ஆகவே ஒரு மாவோ ஒரு காணியோ இரும மிதப்புப் புள்ளி எண்ணாகச் சரியாக அமையாது. ஆயினும் மாவிலிருந்து அரைமாவுக்கும், அரைமாவிலிருந்து காணிக்கும், காணியிலிருந்து அரைக்காணிக்கும், அதிலிருந்து முந்திரிக்கும் இறங்குவது ஒவ்வொரு முறையும் பாதியாக்குவதே. 1/20 ஐச் சேமிக்கும்போது ஏற்பட்ட சிறு பிழை அதே விகிதத்தில் தொடருமேயன்றி, இப்படிகளில் புதிய பிழை எதுவும் சேராது.

அளவுமாற்றம் என்னும் கருத்தும் இம்முறையில் உண்டு. ஒரு பின்னத்தின் பெயருக்கு முன் 'கீழ்' என்னும் சொல் சேர்ந்தால் அது 320 இல் ஒரு பங்காகும். அரை 1/2 என்றால் கீழரை 1/640. கால் 1/4 என்றால் கீழ்க்கால் 1/1280. முந்திரி 1/320 என்றால் கீழ்முந்திரி 1/1,02,400. பின்னத்தின் பெயரை மாற்றாமல் அளவை மட்டும் ஒரு படி இறக்குவதால், 'கீழ்' என்னும் முன்னொட்டு 320 ஐ அடிமானமாகக் கொண்ட முறையொன்றின் அடுக்கு −1 போலச் செயற்படுகின்றது எனலாம். அம்முறையில் கணக்கிட்டவருக்கு 320 ஆல் வகுப்பது பெயருக்கு முன் ஒரு சொல்லைச் சேர்ப்பது மட்டுமே. எந்த எண்ணால் வகுப்பது எளிது என்பது அந்த எண்ணின் இயல்பன்று. எழுதும் முறையின் அடிமானத்தைப் பொறுத்தது.

வேறு அடிமானங்களைக் கொண்ட கணினிகள்

எல்லாக் கணினிகளும் 2 ஐ அடிமானமாகக் கொண்டிருக்கவில்லை. இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளிலேயே மாறுபட்ட அடிமானங்கள் இருந்தன. 1963 ஆம் ஆண்டு கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட ஐபிஎம் 1620 ஒரு பதின்மக் கணினி. அது எண்களைப் பதின்ம இலக்கங்களாகவே சேமித்தது. 1970களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கிய ஐபிஎம் 370/155, 1964 இல் அறிமுகமான சிஸ்டம்/360 வழியில் வந்தது. அதன் மிதப்புப் புள்ளி வடிவத்தின் அடிமானம் 16.

ஆகவே பிழையற்ற அளவுமாற்றத்துக்குரிய எண் கான்பூர்க் கணினியில் 10 ஆகவும், சென்னைக் கணினியில் 16 ஆகவும் இருந்தது. பின்னதில் 2 ஆல் பெருக்குவதுகூட எப்போதும் பிழையற்றதன்று. ஒற்றைத் துல்லியத்தில் அக்கணினியின் இலக்கப் பகுதி ஆறு பதினறும இலக்கங்களை, அதாவது 24 பிட்களைக் கொண்டது. அந்த 24 பிட்களும் 1 ஆக உள்ள எண்ணொன்றை 2 ஆல் பெருக்கினால் முன்னால் ஏழாவது இலக்கம் ஒன்று தோன்றும். ஆறு இலக்கங்களுக்கே இடமிருப்பதால் கடைசி இலக்கம் வெட்டப்படும். அதிலிருந்த மூன்று 1-கள் இழக்கப்படும். புதிதாக வந்த முதல் இலக்கமோ நான்கு பிட் இடத்தில் ஒரே ஒரு 1 ஐ மட்டும் வைத்திருக்கும். 16 ஆல் பெருக்கியிருந்தால் எதுவும் இழக்கப்பட்டிராது.

இதனாலேயே சி மொழித் தரம் 'எஃப்எல்டி ரேடிக்ஸ்' என்னும் மாறிலியை வரையறுத்துள்ளது. நிரல் எந்தக் கணினியில் தொகுக்கப்படுகின்றதோ, அக்கணினியின் அடிமானத்தை இம்மாறிலி தெரிவிக்கும். 1985 இல் வெளியான ஐஇஇஇ 754 தரம் இரும வடிவத்தை வரையறுத்தது. அத்தரத்தின் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பில் பதின்ம மிதப்புப் புள்ளி வடிவங்களும் சேர்க்கப்பட்டன.

நிரல் மொழிகளில்

- சி: 'எல்டிஎக்ஸ்ப்' என்னும் செயற்கூறு எண்ணை 2 இன் அடுக்கால் பெருக்குகின்றது. 1999 ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்க்கப்பட்ட 'ஸ்கால்ப்-என்' கணினியின் அடிமானத்தின் அடுக்கால் பெருக்குகின்றது. அடிமானம் 2 ஆக உள்ள கணினியில் இரண்டும் ஒரே விடையையே தரும்.
- ஃபோர்ட்ரான் 90: 'ஸ்கேல்', 'எக்ஸ்போனன்ட்', 'ஃபிராக்சன்' ஆகிய உள்ளமைந்த செயற்கூறுகள் உள்ளன.
- ஜாவா: 2006 இல் வெளியான ஆறாம் பதிப்பில் 'ஸ்கால்ப்' சேர்க்கப்பட்டது.
- பைத்தான்: கணிதக் கூறில் 'எல்டிஎக்ஸ்ப்', 'ஃபிரெக்ஸ்ப்' ஆகியவை உள்ளன.

வன்பொருளிலும் இதற்கென ஆணைகள் உண்டு. 1980 இல் இன்டெல் வெளியிட்ட 8087 துணைச் செயலியில் 'எஃப்ஸ்கேல்' என்னும் ஆணை இருந்தது. ஐஇஇஇ 754 தரத்தின் 1985 ஆம் ஆண்டுப் பதிப்பு அளவுமாற்றச் செயற்பாட்டைப் பரிந்துரையாக மட்டும் கூறியது. 2008 ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைக் கட்டாயமாக்கியது.

எண்ணிலிருந்து அடுக்கைப் பிரித்தெடுக்கும் செயற்கூறுகளைப் பயன்படுத்தும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'ஃபிரெக்ஸ்ப்' இலக்கப் பகுதியை 0.5 முதல் 1 க்குள் அமைக்கின்றது; எனவே 6.5 க்கு 0.8125 ஐயும் அடுக்கு 3 ஐயும் தரும். 'லாக்பி' இலக்கப் பகுதி 1 முதல் 2 க்குள் இருப்பதாகக் கொள்கின்றது. எனவே அதே எண்ணுக்கு அடுக்கு 2 எனத் தரும். இரண்டையும் கலந்து பயன்படுத்தும் நிரலில் விடை இரு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

எல்லைகள்

அடிமான அளவுமாற்றம் பிழையற்றது என்னும் கூற்று அடுக்கின் வரம்புக்குள் மட்டுமே பொருந்தும்.

மிகைவழிதல்: இரட்டைத் துல்லியத்தில் மிகப் பெரிய அடுக்கு 1023. விடை இதனைத் தாண்டினால் முடிவிலி கிடைக்கும்.

குறைவழிதல்: முழு இலக்கங்களுடன் அமையக்கூடிய மிகச் சிறிய எண் 2⁻¹⁰²². அதற்கும் கீழே, இலக்கங்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டு 2⁻¹⁰⁷⁴ வரை எண்கள் உள்ளன. இப்பகுதியில் இலக்கங்கள் உதிர்வதால் பிழை நேரலாம். எடுத்துக்காட்டாக, 3 × 2⁻¹⁰⁷⁴ ஐப் பாதியாக்கினால் 1.5 × 2⁻¹⁰⁷⁴ வர வேண்டும். அதற்கு இடமில்லாததால் 2 × 2⁻¹⁰⁷⁴ ஆக முழுமைப்படுத்தப்படும். அதனை மீண்டும் இரட்டித்தால் 4 × 2⁻¹⁰⁷⁴ கிடைக்கும். தொடங்கியது மூன்று, திரும்பி வந்தது நான்கு.

இரு முறை முழுமைப்படுத்தல்: ஓர் எண்ணை மிகச் சிறிதாக்கும்போது அளவுமாற்றத்தை இரு படிகளில் செய்தால், முதற்படியிலேயே இலக்கங்கள் உதிர்ந்து, இரண்டாம் படியில் மீண்டும் முழுமைப்படுத்தல் நிகழக்கூடும். அவ்விடை ஒரே படியில் செய்தபோது கிடைக்கும் விடையிலிருந்து வேறுபடலாம். செயற்கூற்று நூலகங்களை எழுதுவோர் இடைப்படியின் விடை குறைவழிதல் பகுதிக்குள் செல்லாதவாறு படிகளை அமைக்கின்றனர்.

2 இன் அடுக்கைத் தனியே கணித்து அதனால் பெருக்குவது அளவுமாற்றச் செயற்கூற்றுக்கு எப்போதும் ஈடாகாது. 2⁻¹⁰⁷⁴ ஐ 2²⁰⁰⁰ ஆல் பெருக்கினால் விடை 2⁹²⁶. இது வரம்புக்குள் உள்ள எண். ஆனால் 2²⁰⁰⁰ ஐத் தனியே கணித்தால் அதுவே முடிவிலியாகிவிடும். எண்ணின் பிட்களை நேரடியாகத் திறந்து அடுக்குப் பகுதியில் கூட்டும் குறுக்குவழியும் சுழியம், மிகச் சிறிய எண்கள், முடிவிலி, எண் அல்லாதது ஆகியவற்றுக்குத் தவறான விடையைத் தரும்.

பயன்பாடுகள்

செங்கோண முக்கோணத்தின் கர்ணம்: √(அ² + ஆ²) ஐக் கணிக்கும்போது அ = 3 × 10²⁰⁰, ஆ = 4 × 10²⁰⁰ எனில் விடை 5 × 10²⁰⁰. இது இரட்டைத் துல்லியத்தில் அடங்கும். ஆனால் இடையில் வரும் வர்க்கங்கள் 10⁴⁰⁰ அளவை எட்டுவதால் மிகைவழிதல் நேர்ந்து விடை முடிவிலியாகின்றது. இரு பக்கங்களையும் முதலில் 2⁻⁶⁰⁰ ஆல் பெருக்கி, கர்ணத்தைக் கணித்து, இறுதியில் 2⁶⁰⁰ ஆல் பெருக்கினால் சரியான விடை கிடைக்கும். 10 இன் அடுக்கால் இதனைச் செய்தால் போகும்போதும் வரும்போதும் முழுமைப்படுத்தல் பிழை சேரும்.

அணிகளின் சமன்படுத்தல்: அணியொன்றின் ஐகன் மதிப்புகளைக் காணுமுன், அதன் நிரைகளும் நிரல்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமையுமாறு மாற்றப்படுகின்றன. பார்லெட், ரைன்ஷ் ஆகியோர் 1969 இல் வெளியிட்ட முறையில் இதற்கு அடிமானத்தின் அடுக்குகள் மட்டுமே பயன்படுத்தப்படுகின்றன. பிழையைக் குறைக்கச் செய்யப்படும் முன்னேற்பாடே புதிய பிழையைக் கொண்டுவராமலிருப்பதே இதன் நோக்கம்.

படிக்குறிச் சார்பு: ஈ-யின் அடுக்கைக் கணிக்கும் செயற்கூறுகள், கொடுக்கப்பட்ட எண்ணை ஒரு சிறு இடைவெளிக்குள் கொண்டுவந்து கணித்து, இறுதியில் 2 இன் தகுந்த அடுக்கால் அளவுமாற்றம் செய்கின்றன.

ஒலிக் கோப்புகள்: 16 பிட் ஒலி மாதிரிகள் −32768 முதல் 32767 வரையுள்ள முழு எண்கள். அவற்றை 32768 ஆல், அதாவது 2¹⁵ ஆல் வகுத்து மிதப்புப் புள்ளி எண்களாக்கினால் பிழையின்றி மீண்டும் முழு எண்களாக்கலாம். 32767 ஆல் வகுத்தால் பெரும்பாலான மாதிரிகள் முழுமைப்படுத்தப்பட்ட மதிப்பையே பெறும்.

நிரல்பெயர்ப்பிகளும் இப்பண்பைப் பயன்படுத்துகின்றன. 8 ஆல் வகுக்கும் கூற்றை 0.125 ஆல் பெருக்கும் கூற்றாக அவை தாமாகவே மாற்றிவிடும். இரண்டின் விடையும் ஒன்றே. 10 ஆல் வகுப்பதை 0.1 ஆல் பெருக்குவதாக மாற்றினால் விடை வேறுபடக்கூடும் என்பதால், நிரலர் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே அவ்வாறு செய்யும்.

1991 ஆம் ஆண்டு தகரான் நிகழ்வு

அடிமானத்துக்குப் பொருந்தாத எண்ணால் அளவுமாற்றம் செய்வதன் விளைவுக்குப் பரவலாக எடுத்துக்காட்டப்படுவது, வளைகுடாப் போரின்போது 1991 பெப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தகரானில் நிகழ்ந்த இழப்பு ஆகும். அங்கு நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் உயிரிழந்தனர்.

அவ்வமைப்பின் கடிகாரம் நேரத்தை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகளாக முழு எண்ணில் எண்ணியது. அதனை நொடிகளாக்க, அவ்வெண்ணிக்கை 1/10 ஆல் பெருக்கப்பட்டது. 1/10 இரும முறையில் முடிவுறாததால், 24 பிட் பதிவகத்தில் அதன் எஞ்சிய பகுதி வெட்டப்பட்டது. இதனால் ஏற்பட்ட பிழை ஏறத்தாழ 0.000000095 மட்டுமே. ஆனால் அமைப்பு சுமார் 100 மணி நேரம் நிறுத்தப்படாமல் இயங்கியிருந்தது. 100 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நொடிகள் 36,00,000 உள்ளன. அவ்வளவுக்கும் பிழை பெருகி ஏறத்தாழ 0.34 நொடி ஆகியது. அந்நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்துவிடும். அமைப்பு வானத்தில் தவறான இடத்தில் அதனைத் தேடியது.

அங்கு பயன்பட்டது மிதப்புப் புள்ளி வடிவமன்று, நிலைப்புள்ளி வடிவம் ஆகும். எனினும் சிக்கலின் வேர் ஒன்றே. கடிகாரம் நொடியின் எட்டில் ஒரு பங்கையோ பதினாறில் ஒரு பங்கையோ எண்ணியிருந்தால், நொடிகளாக மாற்றும் பெருக்கல் வெறும் புள்ளி நகர்த்தலாக இருந்திருக்கும். அப்பெருக்கலில் வெட்டுவதற்கு எஞ்சிய பகுதி ஏதும் இருந்திராது.

இவற்றையும் பார்க்கவும்

- இரும எண் முறை
- தமிழ் எண்கள்
- மிதப்புப் புள்ளி எண்
- முழுமைப்படுத்தல் பிழை
- சி (நிரல் மொழி)